சூடே படாத தெரு

"பிள்ளையோட கைய வாளியிலேருந்து எடு, பூங்காவனம்! சொல்றேன்ல, எடு!"

"எடுக்க மாட்டேன்!"

"அது கழகத்துத் தண்ணி!"

"கழகமா கெணத்துலேருந்து எறைச்சிச்சு? நான் எறைச்சு ஊத்துன தண்ணி. என் இடுப்பக் கேளுங்க, அது சொல்லும்!"

"ஊத்துனது நீதான், இல்லன்னு சொல்லல. சீல் வச்சது யாரு? சீல் வச்ச பெறகு அது யாரு தண்ணி?"

பூங்காவனம் பிள்ளையின் கையை இன்னும் ஆழமாக அமிழ்த்தினாள். அவள் வாசல் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் நாலு வயது சீதா. சீதாவின் வலது கை முழங்கை வரை சிவப்பு வாளிக்குள் இருந்தது. பிள்ளை கத்திய கத்தலில், மலாக்காவில் கஜா பெராங்கின் அந்தச் சின்னத் தெரு முழுக்க வெளியே வந்து நின்றது. வாளியின் வாயை மூடி ஒட்டியிருந்த காகிதம் இரண்டாகக் கிழிந்து, அதிலிருந்த வட்ட முத்திரையின் ஒரு பாதி தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. செயலாளர் கருணாகரனின் கண் அந்தப் பாதி முத்திரையை விட்டு அகலவில்லை. பெற்றவனுக்குக்கூட அப்படி முகம் வாடியிருக்காது.

"கிச்சாப் ஊத்துங்கடி, எரிச்சல் அடங்கும்" என்று அடுத்த வீட்டுப் பாக்கியலட்சுமி சோயா ரசப் போத்தலோடு ஓடி வந்தாள். யாரோ சாம்பல் என்றார்கள். யாரோ எழுதும் மை என்றார்கள். கம்போங் சிட்டியிலிருந்து பலகாரக் கூடையோடு போய்க்கொண்டிருந்த அம்மாள் மட்டும் நின்று, "ஆயர்லா! ஆயர் சாஜா!" என்று தன் மலாய் பாஷையில் சத்தம் போட்டு, தண்ணீரைச் சுட்டிக் காட்டினாள்.

"அந்தம்மா சொல்றதுதான் சரி" என்றார் எதிர்வீட்டு அப்பாசாமி. செங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பதினாறு வருசம், காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெசராக இருந்தவர். தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடிய பிறகு மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார். "கைய எடுக்காத, தங்கச்சி. இன்னும் அரை மணி நேரம் தண்ணிக்குள்ளயே இருக்கட்டும். கிச்சாப்ப கறிக்கு ஊத்து, பாக்கியம். கொப்புளத்த யாரும் தொடாதீங்க."

"நீங்க கழகத்து உறுப்பினரா?" என்று கருணாகரன் கேட்டார்.

"இல்ல."

"பின்ன எப்படி வைத்தியம் சொல்றீங்க?"

இந்த இடத்தில் கழகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அதன் முழுப் பெயர், மலாக்கா நகரக் குழந்தைகள் தீக்காயத் தடுப்பு, நிவாரணக் கழகம், கஜா பெராங் கிளை. பலகையில் எழுதும்போது இடம் போதவில்லை என்று 'நிவாரண'த்தை விட்டுவிட்டார்கள். பிறகு வேலையிலும் விட்டுவிட்டார்கள். மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஊரெல்லாம் தேங்காயெண்ணெய் விளக்கும் விறகடுப்புமாக ஆன பிறகு எங்கேயோ இரண்டு மூன்று பிள்ளைகளுக்குச் சூடு பட்டது. ஜப்பான்கார அதிகாரி ஒருவர், "பிள்ளைகளுக்குச் சூடு படுகிறதாமே?" என்று ஒரு வரி எழுதிக் கேட்டார். அந்த ஒரு வரிக்குப் பயந்து பிறந்தது கழகம். தலைவர் மீனாட்சிசுந்தரம் செட்டியார். வெள்ளைக்காரன் போனதிலிருந்து அவருடைய வட்டிக்கடைக் கிட்டங்கி பூட்டிக் கிடந்தது. தலைமை தாங்காமல் அவருக்குத் தூக்கம் வரவில்லை என்று தெருவில் பேச்சு.

கழகம் மூன்று காரியம் செய்தது. முதலாவது, வீட்டுக்கு ஒரு சிவப்பு வாளி. அதில் எந்நேரமும் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும். யாரும் எடுத்துப் பாத்திரம் கழுவிவிடக் கூடாது என்று வாயில் காகிதம் ஒட்டி முத்திரை. உடைக்க வேண்டுமானால் செயலாளருக்கு எழுதிக் கேட்க வேண்டும். இரண்டாவது, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லாருக்கும் கழுத்தில் கயிறு கட்டிய மர அட்டை. அதில் 'தீக்கு அருகில் போகாதே' என்று ஜப்பான் எழுத்தில் எழுதியிருந்தது. பிள்ளைகளுக்கும் படிக்கத் தெரியாது, பெற்றவர்களுக்கும் தெரியாது, நெருப்புக்கும் தெரியாது. மூன்றாவது, மாதம் முழுக்க ஒரு பிள்ளைக்கும் சூடு படாத தெருவுக்கு வெள்ளைக் கொடியும், வீட்டுக்கு ஒரு சுண்டு, அதாவது ஒரு பால்டப்பா அளவு, உப்பும். கொடியை யார் கேட்டார்கள்? உப்பு. தங்கத்தைக் காட்டினால்கூடக் கிடைக்காத உப்பு. நூற்றுப் பதினோரு நாளாக அந்தத் தெருவில் யாருக்கும் சூடு பட்டதில்லை.

பட்டதில்லை என்றால், எழுதியதில்லை.

"படிவத்த நிரப்பிடலாம்" என்று கருணாகரன் பலகையில் காகிதத்தைச் செருகினார். "மொதல்ல கைய வெளிய எடு. காயத்த அளக்கணும்." இடுப்புப் பையிலிருந்து அடிக்கோல் வந்தது.

"தண்ணிக்குள்ளயே அளந்துக்கங்க."

"தண்ணிக்குள்ள பெருசா தெரியும். பொய்க்கணக்கு எழுத முடியாது." அவர் பெருமூச்சு விட்டார். "சரி, பெறகு. வருசம், ரெண்டாயிரத்து அறுநூத்தி நாலு."

பூங்காவனம் நிமிர்ந்தாள். "இது என்ன வருசம்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தி நாலு இல்லியா?"

"நிப்போன் கணக்கு."

"இன்னும் அறுநூறு வருசம் கழிச்சா மருந்து குடுப்பீங்க?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கருணாகரன் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு யாருடையதும் இல்லை என்று ஆகிவிட்டது.

"நேரம்?"

"பத்தரை இருக்கும்."

"தோக்கியோ நேரப்படி பன்னண்டு. பன்னண்டுக்குக் கழகம் மூடிடும். ஆபீசு மூடுன பெறகு பட்ட காயம்." அதையும் எழுதினார். "எப்படிப் பட்டுச்சு?"

பூங்காவனம் சட்டை வெளுக்கிறவள். புருசன் சுப்பையனை மூன்று மாத வேலை என்று சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிப் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. அதிகாரிகளின் வெள்ளைச் சட்டைகளை அவள் ஒருத்தியே வெளுத்து, மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சிப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. தரையோடு கிடந்த அடுப்பு. பிள்ளை பக்கத்தில் போய்க் குனிந்தாள். கழுத்தில் தொங்கிய மர அட்டையின் கயிறு அகப்பைக் காம்பில் மாட்டிக்கொண்டது. பிள்ளை நிமிர்ந்தாள். அகப்பை எழும்பியது. பானை சாய்ந்தது.

இதை அவள் அழுகையும் கோபமுமாகச் சொல்லி முடித்தாள்.

"அட்டை போட்டிருந்தாளா இல்லியா?" என்று கருணாகரன் கேட்டார்.

"அதைத்தான சொல்றேன்! அந்த அட்டைதான் மாட்டிச்சு!"

"போட்டிருந்தா." அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகத் திருப்தி தெரிந்தது. "விதி மீறல் இல்ல. நல்லது."

அரை மணி நேரம் கழித்துக் கை வெளியே வந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வெளுத்துப் போய், இரண்டு இடத்தில் பெரிய கொப்புளம். அப்பாசாமி குனிந்து பார்த்தார். பூங்காவனத்தின் பழைய வெள்ளைச் சேலைத் துணியைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, லேசாகச் சுற்றிவிட்டார். அந்தத் தெருவில் அவளிடம் இருந்ததைவிடச் சுத்தமான துணி வேறெங்கும் கிடையாது. ஆனால் கட்டி முடித்து எழுந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"துணி மட்டும் போதாது, தங்கச்சி. சீழ் வச்சிருச்சுன்னா கை போகும், காய்ச்சல் வந்தா அதுக்கு மேலயும் போகும். களிம்பு வேணும். பெரிய ஆஸ்பத்திரியில பட்டாளத்துக்கு மட்டும்தான் தராங்க. இந்த வட்டாரத்துல ஒரு டப்பாதான் இருக்கு."

"எங்க?"

"கழகத்துக் கண்ணாடி அலமாரியில."

அன்றைக்குச் சாயங்காலமே பூங்காவனம், கழகத்துக்காகத் திறந்துவிட்டிருந்த செட்டியாரின் கிட்டங்கிக்குப் போனாள். முன்கூடத்தில் அலமாரி. அலமாரிக்குள் ஒரு டப்பா களிம்பு, இரண்டு சுருள் காஸ் துணி, ஒரு கத்தரிக்கோல். கண்ணாடியைத் தினம் துடைப்பதற்கென்று ஒரு ஆள்.

செட்டியார் அவளை உட்காரச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. தலைவராக இல்லாத நேரத்தில் நல்லவர் என்றே பெயர்.

"பூங்காவனம், நீ யோசிச்சுப் பாரு. அந்த டப்பாவ எடுத்துட்டா அலமாரி காலி. ஜப்பான் துரை வந்து பாத்தா என்ன நினைப்பாரு? பிள்ளைகளுக்குச் சூடு பட்டா குடுக்க மருந்து இல்லாத கழகமான்னு கேக்க மாட்டாரா?"

"சூடு பட்டிருக்கு செட்டியாரே. குடுக்கத்தான கேக்குறேன்."

"குடுத்தா, கருணாகரன் நிரப்புன படிவத்தப் பதிவேட்டுல எழுதணும். எழுதுனா கொடி போச்சு. ஒங்க தெருவுல நாப்பத்தி ரெண்டு வீடு. நாப்பத்தி ரெண்டு சுண்டு உப்பு. ஒரு பிள்ளையோட ஒரு கைக்காக, அதுவும் வலது கை மட்டும்..." அவர் முடிக்கவில்லை. தான் சொன்னதன் நியாயத்தில் அவரே கொஞ்சம் மயங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

அவள் தெருவுக்குத் திரும்பியபோது பாக்கியலட்சுமி வழியில் நின்றாள். "என்னடி, எழுதிட்டாங்களா?"

"இல்லக்கா."

"நல்ல வேளை. நான் மொளகாய ஊற போட்டுட்டேன், உப்பு வருமேன்னு." பிறகு, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று, "பிள்ளைக்கு எப்படி இருக்கு?" என்றும் கேட்டாள்.

புதன்கிழமை காயத்தின் ஓரம் சிவந்தது. கட்டு அவிழ்க்கும்போது வாடை வந்தது. வியாழக்கிழமை விடியும்போது சீதாவின் நெற்றி சுட்டது. கழகத்தின் பலகையில் அன்றைக்கு 'நூற்றுப் பதினான்கு நாள்' என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தார்கள்.

அதே காலையில்தான் செய்தி பரவியது. வெள்ளிக்கிழமை அதிகாரி நேரில் வருகிறார். கழகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டுமாம். கழகம் வேலை செய்து யாரும் பார்த்ததில்லை என்பதால் பெரிய பரபரப்பு. ஒத்திகை ஒன்று நடத்துவதென்று முடிவாயிற்று. சூடு பட்ட பிள்ளையாக ஒரு பிள்ளை நடிக்கும். அதற்கு, அதிகாரியின் முன்னால், அலமாரியைத் திறந்து, நிஜமான களிம்பை எடுத்து, நிஜமான காஸ் துணியால் கட்டுப் போடுவார்கள்.

அப்பாசாமி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "தங்கச்சி, பிள்ளையத் தூக்கு."

"எங்க?"

"நடிக்க."

ஆனால் அங்கேயும் போட்டி இருந்தது. செட்டியாரின் பேரன் காசிவிஸ்வநாதன், ஆறு வயது, திங்கள்கிழமையிலிருந்தே தயாராகிக்கொண்டிருந்தான். அதிகாரி வருவது செட்டியாருக்கு முன்னமே தெரியும். ஆரத்தித் தண்ணீருக்குக் கரைப்பதுபோல மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து, சுண்ணாம்பைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டு, பையனின் இடது கையில் பூசியிருந்தார்கள். நல்ல இரத்தச் சிவப்பு. நிறம் மங்காமல் இருக்கத் தினம் ஒரு பூச்சு. பழையதைக் கழுவாமல் அதன் மேலேயே.

கிட்டங்கியில் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். பூங்காவனத்துக்குத் தான் எங்கே வந்திருக்கிறோம் என்றே புரியவில்லை. கருணாகரன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சீதாவின் கட்டை அவிழ்த்துப் பார்த்தார்.

"இது அவ்வளவா நம்புற மாதிரி இல்லியே."

"என்னங்க சொல்றீங்க?"

"சூடுன்னா செவப்பா இருக்கணும். இது வெளுத்திருக்கு. ஓரத்துல மஞ்சளா வேற இருக்கு. பாக்குறவங்களுக்கு என்னன்னே புரியாது. அங்க பாரு, தம்பியோட கை. ஒரு பார்வையில தெரியுது."

"ஐயா, இது நெசமா பட்டது!"

"அதான் பிரச்சன. நெசமா பட்டதெல்லாம் ஒழுங்கா இருக்காது." அவர் சீதாவைப் பார்த்தார். "அழு பாப்போம்."

சீதா அழவில்லை. நாலு நாள் அழுது ஓய்ந்து, காய்ச்சலில் அம்மாவின் தோளில் சாய்ந்து, அரைக் கண்ணால் எல்லாரையும் பார்த்தாள்.

"அழத் தெரியல" என்று கருணாகரன் குறித்துக்கொண்டார். "தம்பி, நீ."

காசி கேட்காமலே அழுதுகொண்டிருந்தான். விக்கி விக்கி, மூக்கு ஒழுக, இடது கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். செட்டியாரின் கண் கலங்கியது. "திங்கக்கிழமை இவ்வளவு வரல. நாளுக்கு நாள் மெருகேறுது" என்றார்.

அப்பாசாமி மட்டும் கிட்டப் போய் முகர்ந்து பார்த்தார். "செட்டியாரே, இந்தக் கையக் கழுவுங்க. சுண்ணாம்பு தின்னுது. பையன் நடிக்கல."

"அப்படித்தான் இருக்கணும்!" என்று செட்டியார் பூரித்தார். "பாக்குறவங்களுக்கு நடிக்கிறான்னு தெரியவே கூடாது."

அப்பாசாமிக்குச் சொல்ல இன்னொன்றும் இருந்தது. மனிதர்களிடம் எதைச் சொன்னால் ஏறும், கழகத்திடம் எதைச் சொன்னால் ஏறும் என்று பதினாறு வருசத் தோட்ட வேலை அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நல்லது. எனக்கென்ன. துரை எப்பவும் வெள்ளைக் கையுறை போட்டுருப்பாரு, பாத்துருக்கேன். பிள்ளையோட கையத் தொட்டுப் பாக்கணும்னு நினைச்சாருன்னா, அந்தச் செவப்பு கையுறையில ஒட்டும்."

கை தட்டியவர்கள் கையை இறக்கிக்கொண்டார்கள். ஜப்பான் சக்கரவர்த்திக்கு அடுத்தபடி அந்த ஊரில் எல்லாரும் பயந்தது அந்தக் கையுறைக்கு. செட்டியார் கருணாகரனைப் பார்த்தார். கருணாகரன் சீதாவின் கையை, இந்தத் தடவை கொஞ்சம் மரியாதையோடு, பார்த்தார்.

"இது ஒட்டாதுல்ல?"

"இது ஒட்டாது" என்றார் அப்பாசாமி. "இது தோல்."

இப்படியாகப் பூங்காவனத்தின் மகளுக்கு, சூடு பட்ட பிள்ளையாக நடிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. முடிந்தால் கொஞ்சம் அழப் பழக்கிக்கொண்டு வரும்படி கருணாகரன் சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலை கிட்டங்கி வாசலில் பந்தல். நடைமுறை பதினாலு படி என்று பலகையில் எழுதியிருந்தது. முதல் படி கிழக்கே பார்த்துக் குனிவது. இரண்டாவது கழக வாழ்த்து. மூன்றாவது வாளிகளின் அணிவகுப்பு. நாற்பத்தி இரண்டு சிவப்பு வாளிகளை நாற்பத்தி இரண்டு பேர் தலையில் சுமந்து, ஒரு சொட்டும் சிந்தாமல், ஒரு முத்திரையும் கலையாமல் நடந்து போனார்கள். பூங்காவனத்தின் வாளிக்கு ராத்திரியோடு ராத்திரியாகப் புது முத்திரை ஒட்டியிருந்தார்கள். நான்கிலிருந்து ஒன்பது வரை உரைகள். களிம்பு பதினாலாவது படி.

பூங்காவனம் பிள்ளையை மடியில் வைத்து மேடையின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறியது. பிள்ளையின் உடம்பிலிருந்து வந்த சூடு சேலையைத் தாண்டி அவள் வயிற்றில் பட்டது. செட்டியார் பேசிக்கொண்டிருந்தார்.

"பெரியோர்களே! முந்தைய ஆட்சியில் நம் பிள்ளைகளுக்குச் சூடு பட்டுக்கொண்டே இருந்தது. ஏன்? பட்டவர்கள் எல்லாரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்துக்கொண்டதால் கணக்கு ஏறியது. நம் கழகம் வேரிலேயே கை வைத்தது. இந்த நூற்றுப் பதினைந்து நாளில் எத்தனையோ தாய்மார்கள் நம்மிடம் வந்தார்கள். ஒருவருக்கும் ஒரு சொட்டு மருந்தும் தேவைப்படவில்லை என்று நாமே முடிவுசெய்து அனுப்பி வைத்தோம். இதோ பாருங்கள் இந்த டப்பாவை. வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது! இதைவிட வெற்றிக்கு என்ன சாட்சி வேண்டும்?"

கைதட்டல். துபாஷி இதை அதிகாரிக்கு எடுத்துச் சொன்னான். அதிகாரி தலையாட்டினார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு யாரும் எதிர்பாராதபடி எழுந்து மேடைக்கு வந்து, சீதாவின் முன்னால் குனிந்து, கட்டு அவிழ்ந்த கையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பூங்காவனம் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். உண்மை தெரிந்தால் பிள்ளையை இறக்கிவிடுவார்களா, தன்னைப் பிடித்துக்கொண்டு போவார்களா, இரண்டில் எது நடக்கும் என்று அவளால் நினைக்க முடியவில்லை.

அதிகாரி ஏதோ சொன்னார். துபாஷி திரும்பினான். "மிக நேர்த்தியான வேலை என்கிறார். இவ்வளவு தத்ரூபமான ஒப்பனையை அவர் தோக்கியோவில்கூடப் பார்த்ததில்லையாம்."

செட்டியார் இடுப்பு வரை குனிந்தார். "எல்லாம் கழகத்தின் முயற்சி" என்றார்.

அதிகாரிக்கு மதியச் சாப்பாட்டு நேரம். பத்திலிருந்து பதின்மூன்று வரை வேண்டாம் என்று கையசைத்தார். அப்பாசாமி யாரும் அழைக்காமலே மேடையேறினார். கொதித்து ஆறிய தண்ணீர் அவரிடமே இருந்தது. காயத்தைக் கழுவி, செத்த தோலை மெதுவாக எடுத்து, களிம்பைத் தாராளமாகப் போட்டு, புதுக் காஸ் துணியை ஒரு சுருக்கம் இல்லாமல் சுற்றினார். கழுவும்போது சீதா வீரிட்டு அழுதாள்.

"இப்பதான் நல்லா அழுறா" என்று கருணாகரன் பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார்.

போகிற போக்கில் அதிகாரி மிச்சம் இருந்த டப்பாவையும் இன்னொரு சுருளையும் இரண்டு கையாலும் எடுத்து, நன்றாக நடித்த பிள்ளைக்குப் பரிசு என்று சீதாவின் மடியில் வைத்தார். படம் பிடித்தார்கள். மோட்டார் கிளம்பிப் போனது.

புழுதி அடங்குவதற்குள் கருணாகரன் கையை நீட்டினார். "டப்பாவக் குடு. பொருள் பதிவேட்டுல இருக்கு. கட்டையும் அவிழ்த்துடலாம், காஸ் துணி கழகத்துது."

பூங்காவனம் அதுவரை எல்லாரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தவள். அந்த நிமிசத்தில் அவளுக்கு ஏதோ விளங்கியது. எழுந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கணக்கெழுதும் கிராணியிடம் பேசுகிற மாதிரி, ரொம்பப் பணிவாகச் சொன்னாள்.

"குடுத்துடுறேன் கிராணியாரே. துரை ரெண்டு கையாலயும் குடுத்தத நான் திருப்பி வாங்கிக்கிறேன்னு ஒரு சீட்டு எழுதி, கீழ ஒங்க பேரப் போட்டு, ஒங்க முத்திரையக் குத்திக் குடுங்க. நான் பத்திரமா வச்சுக்கிறேன்."

கருணாகரன் நீட்டிய கையால் தன் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் அலமாரியில் ஒரு சப்பாத்து பாலிஷ் டப்பா இருந்தது. கண்ணாடியை வழக்கம்போல் துடைத்தார்கள்.

சனிக்கிழமை காலை, பூங்காவனம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது, பின்பக்கச் சந்தில் செருப்புச் சத்தம் கேட்டது. மீனாட்சிசுந்தரம் செட்டியார். மேல்துண்டு இல்லை, பின்னால் ஆள் இல்லை. தோளில் காசி. பையனின் இடது கை ஈரத் துணிக்குள் இருந்தது.

"பூங்காவனம்" என்றார். பையனின் கையை அவள் பக்கம் நீட்டிக் காட்டினார்.

அவள் துணியை விலக்கிப் பார்த்தாள். சிவப்பை எப்போதோ கழுவியிருந்தார்கள். அதற்கடியில் வேறொரு சிவப்பு இருந்தது. விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. பையன் அழவில்லை. அழுதால் கை தட்டுவார்கள் என்று பயந்தவன் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே!" என்று அவள் எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அப்பாசாமி வந்தார். பையனைக் கிணற்றடிக்குத் தூக்கிப் போய்க் குடம் குடமாக ஊற்றினார். பூங்காவனம் இறைத்துக் கொடுத்தாள். செட்டியார் நனைந்த வேட்டியோடு பேரனைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவள் டப்பாவைத் திறந்து, இன்னும் தன் மகளுக்கு எத்தனை நாளைக்கு வேண்டும் என்று அப்பாசாமியின் முகத்தைப் பார்த்தாள். அவர் இரண்டு விரலால் டப்பாவின் நடுவில் ஒரு கோடு கிழித்தார். பாதியை எடுத்து வாழையிலையில் வைத்து மடித்துக் கொடுத்தாள்.

செட்டியார் வாங்கிக்கொண்டார். சந்து முனை வரை போய்த் திரும்பி வந்தார்.

"இது வெளிய தெரிய வேணாம், பூங்காவனம்."

"தெரியாது செட்டியாரே. இந்தத் தெருவுலதான் யாருக்கும் சூடே பட்டதில்லியே."

திங்கட்கிழமை உப்பு கொடுத்தார்கள். கொடியும் வந்தது. பாக்கியலட்சுமி தன் பங்கில் ஒரு கைப்பிடியைக் காகிதத்தில் சுற்றி, பூங்காவனத்தின் வீட்டுச் சுவர்மேலே வைத்துவிட்டுப் போய்விட்டாள். கழகத்திலிருந்து ஒரே ஒரு சுற்றறிக்கை வந்தது. பிள்ளைகளின் அட்டைக் கயிறு இனி இரண்டு அங்குலம் குறைவாக இருக்க வேண்டுமாம். ஏன் என்று அதில் இல்லை.

ஜப்பான்காரன் போனான். வெள்ளைக்காரன் வந்தான். கழகம் கலையவில்லை. பலகையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் எழுதினார்கள். செட்டியார் குடும்பத்தோடு காரைக்குடிக்குப் போய்விட்டார். காசி அங்கே படித்துப் பெரிய வேலைக்குப் போனதாகக் கேள்வி. வெயிலில் அவனுக்கு இடது கை மட்டும் கறுக்காது என்று அங்கிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அப்பாசாமிக்கும் பூங்காவனத்துக்கும் முடிச்சுப் போட்டுத் தெரு ஒரு வருசம் பேசியது. நாற்பத்தாறில் சுப்பையன் எலும்பும் தோலுமாகச் சயாமிலிருந்து திரும்பி வந்து தெருவுக்குப் பெரிய ஏமாற்றத்தைக் கொடுத்தான். அப்பாசாமி அடுத்த தையில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த விஜயா என்பவளைக் கட்டிக்கொண்டு, பத்து பெரெண்டாம் என்ற ஊரில் குடியேறினார். கருணாகரன் செமாபோக்கில் வீடு கட்டிப் போய், அங்கே இரண்டு மூன்று சங்கங்களுக்குச் செயலாளராகி, வயசான காலத்தில் கல்யாணத் தரகும் பார்த்தார்.

அந்தத் தரகில்தான், சீதாவுக்குப் பதினெட்டு வயதானபோது, செங்கிலிருந்து ஒரு லாரி டிரைவரின் குடும்பத்தைப் பெண் பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்தார். சீதா காப்பித் தட்டை நீட்டியபோது மாப்பிள்ளையின் அம்மாவின் கண் அவள் வலது கையில் நின்றது. மணிக்கட்டிலிருந்து மேலே, ஒரு சாண் நீளத்துக்கு, தோல் வழவழவென்று மின்னியது.

"இது என்னம்மா, சூடா?"

சீதா அம்மாவைப் பார்த்தாள். பூங்காவனம் கருணாகரனைப் பார்த்தாள். "நம்ம கிராணியாரக் கேளுங்க. அப்ப அவருதான் எழுதிக்கிட்டு இருந்தாரு."

கருணாகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாப்பத்தி நாலுல இந்தத் தெருவுல அப்படி ஒண்ணும் பதிவாகலியே" என்றார். பழக்கம் விடுமா?

மாப்பிள்ளையின் அம்மா தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். பெண்ணின் கையைப் பிடித்து, சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, தழும்பின் மேல் பெருவிரலால் ஒருமுறை தடவினாள்.

"பதிவாகாம எங்க போச்சு? இங்கதான இருக்கு" என்றாள். பிறகு பெண்ணிடம், "ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டாள். பதினாலு வருசத்தில் அந்தக் கேள்வியை வெளியாள் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை என்று பூங்காவனம் பிற்பாடு பாக்கியலட்சுமியிடம் சொல்லி அழுதாள்.

அந்தத் தையிலேயே கல்யாணம் முடிந்து சீதா செங்குக்குப் போய்விட்டாள். பெண் வீட்டார் மறுவீட்டுக்குப் போனபோது, அங்கே அடுப்பைத் தரையிலிருந்து பெயர்த்து, இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டி ஏற்றியிருந்தார்கள். யார் சொல்லிக் கட்டினீர்கள் என்று கேட்டதற்கு, சொல்ல என்ன இருக்கிறது, பிள்ளை பிறக்கும் இல்லையா என்றாளாம் மாமியார்.